அமைதியான பெண்

கள்ளக்குறிச்சி நூலகத்தில் எடுத்த அந்த நாவல் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. கதாநாயகி வரும் இடமெல்லாம் எழுத்தாளர் ‘அமைதியான பெண்’ என்றே எழுதியிருந்தார். புருஷனோடு சண்டை போடும்போதும் அமைதியான பெண். கடைசியில் மாமனாரின் கரும்புக் கொல்லைக்கு நெருப்பு வைத்துவிட்டு கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறுகிறாள், அப்போதும் அமைதியான பெண். அவருக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா, இல்லை எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையா? எனக்கு முன்பே படித்து முடித்திருந்த என் மகளிடம் கேட்டேன்.

“இன்னொரு வாட்டி படிப்பா” என்றாள்.

படித்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அந்த வாரமே களமருதூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அப்பா, “பொண்ணு கொணம் எப்பிடிங்க?” என்று கேட்டார்.

“ரொம்ப அமைதியான பொண்ணுங்க” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அதுவாக வந்துவிட்டது. கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க ஒருவன் போட்ட துண்டை எடுத்து, ஜன்னல் வழியாக ரோட்டில் எறிந்துவிட்டு உட்கார்ந்தவள் அவள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்புறம் எப்படி அப்படிச் சொன்னேன்?

அவர்கள் போனதும் மகள் டம்ளர்களை எடுக்க வந்தாள்.

“இன்னாப்பா, யாரச் சொல்லிக்கினு இருந்த? கரும்புக்கு நெருப்பு வெச்சாளே, அவளையா?”

அமைதியாகத்தான் கேட்டாள்.