ஒன்பதுக்கு மேலே மார்க் இல்லை

சோப்புக் கம்பெனியில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். பெரும்புள்ளி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டிரண்டு சோப்பாக முகர்ந்து பார்க்கிறவர்கள், வாசனை எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒன்று முதல் ஒன்பது வரை மார்க் போடுவார்கள். ஒத்தவை பக்கத்திலும் ஒவ்வாதவை தூரத்திலும் விழும்படி அதைப் புள்ளிப் படமாக்கி, எந்தெந்தச் சோப்பு ஒரே கூட்டம் என்று வட்டம் போட்டுக் காட்டுவது அவர் பிழைப்பு. பதினெட்டு வருஷமாகத் தானே எல்லாம் செய்வதாக நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமையை வீட்டிலும் கொஞ்சம் காட்ட ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் ஒரு தாளை நீட்டினார். அவர், மனைவி, மகள், மாமியார், தம்பி, தம்பி மனைவி என்று ஆறு பேர், பதினைந்து ஜோடி.

"யாரும் யாரும் எவ்வளவு ஒரே மாதிரின்னு மார்க் போடு. அச்சு அசல்னா ஒன்பது. சம்பந்தமே இல்லன்னா ஒண்ணு."

"இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்றபடி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் போட்டுக் கொடுத்தாள்.

எண் யாருடையது என்று பார்ப்பது தொழில் தர்மம் இல்லையாம். கண்ணை மூடாத குறையாகக் கம்ப்யூட்டரில் தட்டி முடித்தார்.

படம் வந்தது. மனைவி ஒரு கோடியில், அவர் மறு கோடியில், நடுவில் மாமியார். மனைவியை உரசிக்கொண்டு அவளுடைய ஓர்ப்படி, அதாவது தம்பி மனைவி. அந்த ஓர்ப்படியின் பேச்சை எடுத்தாலே இவள் முகம் சுருங்கும். சாதாரண மனிதன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நம் ஆள் நிபுணர் ஆயிற்றே. 'வெளியேதான் சண்டை, உள்ளுக்குள் ஒரே குணம்' என்று விளக்கம் கண்டுபிடித்தார். விளக்கம் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் தன் புள்ளிக்கு வந்ததும் ஸ்கேல் வைத்தே தூரத்தை அளந்து பார்த்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு நான் யாரோவா? மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவளும் ஏன் என்று கேட்காமல் தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ஆபீசில், எண்களைச் சரிபார்த்துத் தரும் பக்கத்து மேசை அம்மாளிடம் படத்தைக் காட்டி, "சும்மா, தெரிஞ்ச குடும்பம்" என்றார்.

"மார்க்கைத் தலைகீழா, ஒன்பதை ஒண்ணா, ஒண்ணை ஒன்பதாத் திருப்பிப் போட்டீங்களா சார்? இந்த புரோகிராம் மார்க்கைத் தூரம்னு எடுத்துக்கும். ஒன்பது வாங்கினவங்களைத்தான் ரொம்பத் தள்ளி வைக்கும்."

"நான் எப்பவும் திருப்பறதில்லையே?"

"நான்தான் திருப்பிக் கொடுக்கறேன். பதினெட்டு வருஷமா."

சட்டைப்பையிலிருந்த தாளை அவசரமாகப் பிரித்தார். ஓர்ப்படிக்கு ஒன்று. அவருக்கு ஒன்பது. சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அசடு வழிய வீட்டுக்குப் போனார்.

"நமக்கு எப்படி ஒன்பது போட்ட?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "மனசுல இருக்கறதை வாய் விட்டுக் கேக்கற பழக்கம் ரெண்டு பேருக்குமே கிடையாது. மூணு நாளா பாக்கலையா? பத்து இருந்திருந்தா பத்தே போட்டிருப்பேன்."