கம்பம் நட்ட நாட்களில் திரும்பி வந்த வாடை

காந்திபுரத்திலிருந்து சூலூர் வரும் பேருந்தில் பக்கத்திலிருந்த பெண் ஜன்னலைத் திறந்தாள். காற்றுக்காகத்தான் திறந்திருப்பாள். நான் எழுந்து நின்றுகொண்டேன். அது ஆடி மாதம். அன்று முதல் வேலை முடிந்து நின்றுகொண்டேதான் வீடு திரும்பினேன்.

என்னிடமிருந்து மீன் வாடை. சாம்பல் கலந்த வெள்ளையில், நீர்த்த கசிவு. மாதவிலக்கு முடிந்ததும் அதிகமாகும். அரிப்பு இல்லை, வலி இல்லை. உடம்புச் சூடு என்று மோர் குடித்தேன். பிறகு மருந்துக் கடையில் கேட்டு, பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரை போட்டேன். இரண்டும் வீண். நீங்களும் இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தால், முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.

மருத்துவர் கசிவை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெயர் சொன்னார்: பாக்டீரியல் வெஜினோசிஸ் (பிறப்புறுப்பின் உள்ளே இயல்பாக வாழும் நல்ல நுண்ணுயிரிகள் குறைந்து, மற்றவை பெருகிவிடும் நிலை). மெட்ரோனிடசோல் (அப்படிப் பெருகியவற்றை அழிக்கும் மருந்து) ஒரு வாரம். போய்விட்டது. ஐப்பசியில் திரும்பியது. மறுபடி மாத்திரை. தையில் மறுபடி.

ஒவ்வொரு முறையும் அதற்கு முன் என்ன நடந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். என் கணவருக்குச் சொந்தமாக நான்கு விசைத்தறிகள். வாரம் ஒருமுறை ஈரோட்டுச் சந்தைக்குத் துணி கொண்டுபோய், இரவு தங்கி வருவார். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பால்வினை நோய் பற்றிய பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் ஈரோடு போய்வந்த பிறகுதான் வருகிறது என்று என் கணக்கு முடிவு சொன்னது. "ஏன் அம்மணி தள்ளித் தள்ளிப் படுக்கற?" என்று கேட்டார். தலைவலி என்றேன். ஊர் நோம்பி, அதாவது மாரியம்மன் திருவிழா, முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு பல்லடத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். திரும்பி வரும் எண்ணம் இல்லை.

பங்குனியில் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை உள்ள மரத்தை அம்மனின் கணவனாக நட்டு, பெண்கள் விடிகாலையில் குளித்து, ஈரத் துணியோடு மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுவோம். கம்பம் இருக்கும்வரை எங்கள் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை. கணவனும் மனைவியும் விலகி இருப்பார்கள்.

அந்த வாடையோடு கம்பத்துக்கு முன்னால் எப்படிப் போவது? தினமும் படிகாரம் கரைத்த தண்ணீரால் உள்ளே கழுவினேன். மாலையில் கிருமிநாசினி கலந்து மறுபடி கழுவினேன். அப்படியும் கூட்டத்தில் ஒதுங்கியே நின்றேன். "ஏனுங்க்கா, கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறீங்களா, வீசியெறியறீங்களா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கம்பத்தைப் பிடுங்குவதற்குள் வாடை திரும்பிவிட்டது, முன்னைவிடக் கடுமையாக.

மறுபடி போனபோது, உறவுக்குப் பிறகு அதிகமாகிறதா என்று மருத்துவர் கேட்டார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

"கம்பம் நட்டிருக்குதுங்க டாக்டர். அவரு தறிக் குடோன்லதான் படுக்கறாரு. ஈரோட்டுக்குப் போனாலும் ராத்திரியே வந்துடறாருங்க."

அவர் வெளியே தங்கவும் இல்லை, என்னைத் தொடவும் இல்லை; ஆனாலும் வாடை வந்திருந்தது. என் கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது.

"அப்ப அவரு மேல கேஸ் நிக்காது கண்ணு. இந்த நாள்ல நீ புதுசா என்ன செஞ்ச?"

படிகாரத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"சுத்தம் பண்றேன்னு உள்ள இருந்த காவலையே கழுவி உட்டுப்போட்டயே."

பிறகு நிதானமாக விளக்கினார். உள்ளே இருக்கும் லேசான அமிலத்தன்மைதான் காவல். கழுவக் கழுவ அது போய்விடும். உறவும் இந்தச் சமநிலையைக் குலைக்கலாம். அதனால் சில காலம் ஆணுறை நல்லது. சிலருக்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம். ஆனால் இந்த நோயை மட்டும் வைத்து யாருடைய நடத்தையையும் முடிவு செய்ய முடியாது. பால்வினைத் தொற்று எதுவும் இல்லை என்பதைத் தனியாகப் பரிசோதித்து உறுதிசெய்தார். அதே மெட்ரோனிடசோலை, உள்ளே வைக்கும் ஜெல்லாகச் சில மாதங்களுக்கு, வாரம் இருமுறை தொடரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஈரோட்டையும் சேர்த்து. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எம் மேலதான் தறி எண்ணெ நாத்தம் அடிக்குதாட்ட இருக்குதுன்னு, நான் ரெண்டு ரெண்டு வாட்டி சோப்புப் போட்டுக் குளிச்சுட்டு இருந்தேன் அம்மணி" என்றார்.

அவர் பேச்சில் ஈரோடு வரவே இல்லை. அது எங்களுக்குள் இன்னும் கிடக்கிறது.

பல்லடத்துக்குப் போனேன், இரண்டு நாளில் திரும்பினேன். மழைக் காலத்தில் வாடை மீண்டும் வந்தது, லேசாக. கை படிகாரத்தைத் தேடியது. அதை எடுக்காமல் மருத்துவரிடம் போனேன்.

அடியோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. முன்பு மாதங்களை ஒரு திரும்பலிலிருந்து அடுத்த திரும்பல் வரை எண்ணினேன். இப்போதும் அந்த எண்ணிக்கை உள்ளே ஓடுகிறது, சத்தம் குறைந்து.

இந்தப் பங்குனியிலும் கம்பம் நட்டார்கள். வெளிப்புறம் மட்டும் வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு போனேன். கூட்டத்துக்குள் போனதும் கால் பின்வாங்கியது. உள்ளே என் உடம்பு, என்னைக் கேட்காமல், அவசரமில்லாமல் தன் காவலைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். முழுதாக நம்பவில்லை. ஆனாலும் நெருங்கிப் போய்க் குடத்தைச் சாய்த்தேன். கம்பத்தில் பட்ட தண்ணீர் என் மேலேயே தெறித்தது.