பஞ்சைக் கடித்திருந்த மதியம்

ரத்தமும் மருந்தும் ஊறிய பஞ்சை, நாக்கு படாமல், பல்லால் அழுத்திப் பிடித்தபடி மலேசியாவின் கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம் பக்கத்துத் தோட்டத்துக்கு அம்மாவோடு பேருந்தில் திரும்பிய அன்று எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, நாங்கள் 'மிஸ்ஸி' என்றழைக்கும் தாதி என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பஞ்ச நல்லா கடிச்சுக்கோ. பேசாத, துப்பாத, இன்னிக்குக் கொப்புளிக்காத. உள்ள ரத்தம் கட்டணும். கழண்டுச்சுன்னா மறுபடியும் ஊத்தும்."

'ஊத்தும்' என்ற அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் ரத்தம் வடிந்தே செத்துப்போவேன் என்று நம்பினேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் அம்மா புதுப் பஞ்சு வைத்துவிட்டு, பாயில் என் பக்கத்திலேயே படுத்து உறங்கிப்போனார். மதியம் இரண்டு மணி இருக்கும். செம்பனைக் காட்டுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. கோழிகள்கூடச் சத்தமில்லாமல் நிழலில் கிடந்தன. பக்கத்து வீட்டில் பதினெட்டு வயது சரசு அக்கா தையல் மெஷினை மிதிக்கும் ஓசை மட்டும், கூரையை எட்டாத பலகைச் சுவருக்கு மேலாக வந்துகொண்டிருந்தது.

அப்போது வெளியே, செம்பனை மரங்களின் பக்கமிருந்து, அம்மாவின் குரல் கேட்டது.

"சரசு... கொஞ்சம் வாயேன் தாயி."

திரும்பிப் பார்த்தேன். அம்மா என்னருகில், உதடுகள் மூடியபடி, தூங்கிக்கொண்டிருந்தார்.

தையல் மெஷின் நின்றது. "இதோ வரேங்க்கா" என்ற பதிலும், கதவு திறக்கும் ஓசையும், மண்ணில் தேய்ந்து விலகும் செருப்புச் சத்தமும் கேட்டன. ஒரே ஒரு கத்தல் போதும், அக்கா நின்றிருப்பார். ஆனால் பல் இருந்த குழியில் ஏதோ சுரப்பது போலிருக்கவே பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்தேன். அம்மாவைத் தொட்டு எழுப்பவும் கை வரவில்லை. எழுந்திருப்பவர் அம்மாதானா என்று பயமாக இருந்தது.

வேலை முடிந்து வந்த சரசு அக்காவின் தாயார், "எங்க சரசு இங்கயா இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டு, அம்மாவும் விழித்துக்கொண்ட பிறகுதான் பஞ்சைத் துப்பினேன்.

"நீதானேம்மா கூப்பிட்ட. அக்கா போயிட்டாங்க."

அம்மா எழுந்து உட்கார்ந்தார். "நான் எங்க பாப்பா கூப்பிட்டேன்? உன் பக்கத்துலதானே கெடந்தேன்!"

ஆட்கள் தேடிப் போனார்கள். கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால், பெரிய கால்வாயில், இடுப்பளவுத் தண்ணீரில் அக்கா நின்றிருந்தாராம். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தபோது, "விடுங்க, அக்கா முன்னால போறாங்க" என்று என் அம்மாவைத்தான் சொன்னாராம். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்துக்கொண்டார்.

எனக்கு அன்று ரத்தம் ஊற்றவில்லை. மறுநாள் முதல் அம்மா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைக் கொடுத்து, வாயில் மெதுவாக உருட்டச் சொன்னார். சோற்றை ஆறவைத்து, குழைத்து, மறுபக்கம் மெல்லச் சொன்னார். குழி ஆறியது. கூப்பிட்டது அம்மா இல்லை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் படுத்திருந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. லயத்தை இடித்து வீடமைப்புக் குடியிருப்பு வந்துவிட்டது. கால்வாய் இருந்த இடத்தில் தார்ச்சாலை ஓடுகிறது. சென்ற ஆண்டு ரவாங்கில் சரசு அக்காவைப் பார்த்தபோது, நாற்பது வருடத்துக்குப் பிறகு, அழுதுகொண்டே சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ கத்தியிருந்தாலும் நான் நின்னிருக்க மாட்டேன் லா. அது உங்கம்மா இல்லன்னு பாதி வழியிலேயே தெரிஞ்சுபோச்சு. ஆனா அவ்ளோ ஆசையா என்னைய யாருமே கூப்பிட்டதில்ல."