அண்ணனின் பெட்டிக்கு முன்னால் வெங்காயக்கார ஒக்கேஷ்

துருக்கியின் ஆன்டெப் நகரத்துச் செம்புக்கடைத் தெருவில் வெங்காயம் என்றால் ஒக்கேஷ்தான். நாற்பது வருடமாக அதே கபாப் கடை, அதே பின்கட்டு. கறியோடு வேகிற வெங்காயத்தை முனையிலிருந்து முனைக்கு நீளவாக்கில் அரிவார். அது கரையாமல் நிற்கும். பச்சையாகத் தட்டில் வைக்கிறதைக் குறுக்கே, பிறை பிறையாக, விரல் தெரிகிற மெல்லிசுக்கு அரிவார். உப்புப் போட்டுப் பிசைந்து, ஐஸ் தண்ணீரில் அலசிப் பிழிந்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டிக்குள் வைப்பார். புளிக்கிற சுமாக் பொடியைத் தட்டு வெளியே போகிற நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்கூட்டியே தூவி வைக்கிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். முழு வெங்காயம் வலைச்சாக்கில் நிலவறையில் காற்றாடத் தொங்கும். அதன் பக்கத்தில் எவனாவது உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது, அன்று முழுக்கக் கடையில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது.

எல்லாம் சரி, இந்த நாற்றம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? எலுமிச்சை தேய்த்தார், உப்புத் தேய்த்தார், இரும்புக் குழாயில் கையை உரசினார். போகவில்லை. அது தோலுக்கு உள்ளேயே போய்க் குடியேறிவிட்டது.

முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, கடையிலிருந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போனவர், அண்ணன் ஹுலூசிக்குப் பக்கத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்றார். ஹுலூசி பட்டுத்துணி வியாபாரி. நல்ல சட்டை, நல்ல பேர். தொழுகை தொடங்கப் போகிற நேரத்தில் ஹுலூசி சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இடைவெளியில் வந்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. தொழுகை முடிகிறவரைக்கும் ஒக்கேஷுக்குத் தன் இடது தோள் மட்டும் அம்மணமாக இருந்ததுபோல் இருந்தது.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வெளிமுற்றத்தில், தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தனியே விரிப்பைப் போட்டுத்தான் தொழுவார். இமாம் கூப்பிட்டுப் பார்த்தார். பச்சை வெங்காயம் தின்றவன் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்றுதான் நபிமொழியில் சொல்லியிருக்கிறது, வெட்டினவனைப் பற்றி ஒன்றும் இல்லை என்று எடுத்துச் சொன்னார்.

"நான் தின்னேனா வெட்டினேனான்னு பக்கத்துல நிக்கிறவன் மூக்குக்குத் தெரியுமா ஹோஜா?" என்றார் ஒக்கேஷ். அதற்கு மேல் இமாம் வற்புறுத்தவில்லை.

பெருநாளுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவார். வருகிறவர்கள் கையில் கொலோன் என்கிற வாசனைத் தண்ணீரை ஊற்றுவது வழக்கம். மற்றவர்களுக்கு ஒருதரம் ஊற்றுகிற ஹுலூசி, தம்பிக்கு மூன்றுதரம் ஊற்றுவார். அன்பாகத்தான் ஊற்றினாரோ என்னவோ, யார் கண்டது! ஒரு பெருநாளில் ஒக்கேஷ் கையை நீட்டாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த பெருநாளுக்குப் போகவே இல்லை.

இந்த வசந்தத்தில் ஹுலூசி படுக்கையில் விழுந்தார். அவர் மகள் நெஸிஹே கடைப் பின்கட்டுக்கே வந்து நின்றாள். அப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். ஒக்கேஷ் அரிவதை நிறுத்தவில்லை.

"உங்கப்பன் மூக்குக்கு நான் ஆகாதும்மா" என்றார்.

அவள் ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை, அரைநாழிகை நின்று பார்த்துவிட்டுப் போனாள். அவர் அன்றைக்கும் போகவில்லை. நாளை போகலாம், குளித்துவிட்டுப் போகலாம், இன்னொருதரம் கூப்பிடட்டும் என்று நாளைக் கடத்தினார். வீம்பு பிடித்தவனுக்குச் சாக்கா கிடைக்காது?

செவ்வாய்க்கிழமை காலையில் ஹுலூசி இறந்துபோன செய்தி வந்தது. மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம். உஸ்தா, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போங்கள் என்றார் கடை முதலாளி. ஒக்கேஷ் கத்தியைக் கழுவி வைத்தார், வெட்டினதை மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்தார், மேலங்கியைக் கழற்றிவிட்டு அப்படியே நடந்தார். பள்ளிவாசல் தொட்டியில் சோப்புப் போடாமல், தொழுகைக்கு முகம் கை கால் கழுவுகிற ஒளு மட்டும் செய்தார்.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை முற்றத்தில்தான் நடக்கும். கல்மேடையில் பச்சைத்துணி போர்த்திய பெட்டி. ஜனம் அவருக்கு வழிவிட்டு முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டு பக்கமும் தோள்கள் வந்து ஒட்டின. ஒருவரும் விலகவில்லை.

இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான், மூன்றுதரம் கேட்பார்கள்.

"இவர் மேல உங்களுக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் மன்னிச்சு விட்டீங்களா?"

"விட்டோம்" என்றது கூட்டம். ஒக்கேஷ் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தரமும் திறக்கவில்லை. கூடப்பிறந்தவனின் மௌனம் முற்றம் முழுக்கக் கேட்டது. பின்னால் பெண்கள் பக்கத்தில் நெஸிஹே அழுவதை நிறுத்திவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனை எப்படி அனுப்பப் போகிறோம் என்பது இவர் வாயில் இருந்தது.

மூன்றாவது தரம் கேட்டுவிட்டு இமாம் காத்திருந்தார்.

"விட்டேன்" என்றார் ஒக்கேஷ். குரல் எழும்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய், பச்சைத்துணிமேல் கையை வைத்து, சத்தமாக இன்னும் இரண்டுதரம் சொன்னார். "விட்டேன். விட்டேன்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. இமாம் தொழுகைக்காகப் பெட்டிப் பக்கம் திரும்பினார். ஒக்கேஷ் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு தடவ ஆள் அனுப்பிக் கூப்பிட்டான், நான் போகல" என்றார். "அவன் என்னை மன்னிச்சு விட்டானான்னு யாரு கேப்பா ஹோஜா?"

இமாம் கிட்டே வந்தார். ஒக்கேஷின் தோளைப் பிடித்து மெல்ல வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கைகளை உயர்த்தித் தொழுகையைத் தொடங்கினார்.