கோலுக்குப் பின்னால் ஒரு கதிரை

போன கிழமை குளியலறையில் சறுக்கி முழங்காலைச் சுளுக்கிக்கொண்டேன். மனுசி நோவெண்ணெய் பூசிவிட்டாள். அந்த மணம் ஏறினால் மற்றவர்களுக்கு நோ குறையும்; எனக்குச் சோறு இறங்காது. ஐம்பதைத் தாண்டியும் இதுதான் நிலைமை. எல்லாம் அருளப்பு அண்ணையின் கணுக்காலால் வந்த வினை.

அருளப்பு அண்ணை அந்தக் காலத்தில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோலி, கோல் காப்பவர். கடலில் வலை இழுத்து உரமேறிய கைகள். பந்து அந்தக் கைகளுக்குள் போனால் போனதுதான். நான் மாற்றுக் கோலி. மாற்றுக் கோலிக்கு என்ன வேலை? சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு, கோலிக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று மாதாவை மன்றாடுவது. அதை நான் மிகத் திறமையாகவே செய்துவந்தேன். உடுப்பிட்டியில் நடந்த அரையிறுதியில் மாதா என்னைக் கைவிட்டார். அண்ணையின் கணுக்கால் பிரண்டுவிட்டது. இறுதியாட்டம் அடுத்த ஞாயிறு, அதே மைதானத்தில்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கழுத்தில் கைவைத்துவிட்டு, உடம்பு குளிரக் குளிரக் காய்ச்சல் வந்த முதல் ஆள் நான்தான் என்றா.

எங்கள் கழகத்தில் அடிபட்டவன் வீட்டில் படுக்கக்கூடாது. முன்னுக்கு விளையாடுகிறவன் என்றால் இடைவேளைக்குத் தோடம்பழம் உரிக்கவேண்டும். பின்னுக்கு விளையாடுகிறவன் கோட்டோரமாக நொண்டி நொண்டித் தண்ணீர் கொடுப்பான். கோலிக்குக் கோலுக்குப் பின்னால் கதிரை போட்டு இருத்துவார்கள். இறுதியாட்டத்தன்று அண்ணையும் மருந்துப் புக்கை கட்டிய காலோடு, நோவெண்ணெய் மணக்க மணக்க, வலையோடு ஒட்டி வந்து இருந்தார்.

பதறாதே என்று சொல்வார், அல்லது எந்தப் பக்கம் பாயவேண்டும் என்றாவது சொல்லித் தருவார் என்று பார்த்தால்,

"மத்தியானம் என்னடா சாப்பிட்டனி?" என்றார்.

"ஒண்டும் இல்லை அண்ணை."

"வீட்டிலை என்ன கறி?"

பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் இதே விசாரணை. சுறா வறைக்கு அம்மா எவ்வளவு தேங்காய்ப்பூ போடுவா என்று விளக்கிக்கொண்டிருந்த இடைவெளியில் ஓரிரண்டு பந்துகளைத் தடுத்தும்விட்டேன். நடுங்க நேரம் கிடைத்தால்தானே.

ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். ஆட்டம் முடியப் போகிற நேரம் பார்த்து எதிரணிக்குப் பெனால்ரி. வர்ணனை சொன்ன ஒலிபெருக்கிகூட வாயை மூடிக்கொண்டது. முதுகுப் பக்கம் எண்ணெய் மணம் மட்டும் வந்தது, சத்தத்தைக் காணவில்லை.

"அண்ணை, கதையுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பயந்த ஒருவரை அந்த மைதானத்தில் அப்போதுதான் கண்டேன்.

"அண்ணை, நீங்கள் என்ன சாப்பிட்டனியள்?"

"விடியத்தொடக்கம் பச்சைத்தண்ணியும் இறங்கேல்லையடா. முன்னுக்குப் பார்."

பார்த்தேன். நடுவர் எப்போதோ விசில் ஊதியிருக்கிறார். பந்து வந்து என் நெஞ்சில் மோதித் திரும்பிப் போனது. கடைசிவரை அசையாமல் நின்று எதிரியை ஏமாற்றியதாக ஒலிபெருக்கி முழங்கியது. ஊரில் இன்றும் அப்படித்தான் கதைக்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

நேற்று, பூசிய எண்ணெயோடு நொண்டிக்கொண்டு அதே மைதானத்துக்குப் போனேன். இப்போது கோலுக்குப் பின்னால் கம்பிவேலி, அதில் பெரிய விளம்பரத் துணி. அந்தப் பக்கம் ஒருவரையும் விடுவதில்லை. அடிபட்ட பெடியள் தூரத்துக் கொட்டகையில் போனும் கையுமாக இருக்கிறார்கள்; நானும் அவர்களோடு போய் இருந்தேன். அருளப்பு அண்ணை பிரான்சில் மகனோடு.

எங்கள் ஊர்க் கோலி புதுப் பெடியன். எதிரணி மூலையிலிருந்து பந்தை உதைக்கத் தயாரானபோது ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். விளம்பரத் துணிதான் காற்றில் ஆடியது. அவனைப் பார்த்தபடியே, என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"தம்பி, மத்தியானம் என்ன சாப்பிட்டனி?"

பக்கத்தில் இருந்த பெடியன் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

"கொத்துரொட்டி, ஐயா."

நான் திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள் கிடந்தது.