மந்தையைக் காத்த குழவிக்கல்

எங்கள் ஊர் மந்தையைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டம் போட்ட அன்று, முதல் வேலையாக எங்களைத்தான் அங்கிருந்து எழுப்பிவிட்டார்கள். நாங்கள் மூன்று பெண்கள் பெரிய வேப்பமரத்தின் நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். "கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி இருங்க, ஊர்க்கூட்டம் நடக்கப்போவுது" என்றார்கள். பீடித்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓரத்துப் புங்கைக்குப் போனோம். அடர்ந்த நிழலில் ஆண்கள் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர் எங்களுடையது. மழை வந்தால் விதைப்போம், வராவிட்டால் வானத்தைத் திட்டுவோம். இந்தக் காய்ந்த காட்டில் பச்சையாக இருக்கும் ஒரே இடம் மந்தைதான். சில வேம்பு, சில புங்கை, ஒரு கிழட்டுப் புளியமரம். எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத பொது இடம். ஆடுமாடுகள் வெயிலுக்கு அங்கே வந்து படுக்கும்.

ஆண்களுக்கு மந்தை இல்லாவிட்டால் டீக்கடை இருக்கிறது, பஸ் ஸ்டாப் இருக்கிறது, பாலத்துச் சுவர் இருக்கிறது. எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது. பெண்பிள்ளை தெருவில் நின்றால் "என்ன இங்கன நிக்க?" என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தால் எந்த பஸ்ஸுக்கு என்பார்கள். மந்தையில் மட்டும், மடியில் ஒரு பீடித்தட்டு இருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மத்தியானம் தகரம் வேய்ந்த வீட்டுக்குள் ஆள் வெந்துவிடும். சோற்றை வடித்து, பாத்திரத்தைக் கழுவிவிட்டு, இலையையும் தூளையும் எடுத்துக்கொண்டு மந்தைக்கு வந்து காலை நீட்டும்போதுதான் எனக்கு அன்றைய பொழுது தொடங்கும். மாமியாரைப் பற்றிப் பேசியது அங்கே, அழுதது அங்கே, வயிறு வலிக்கச் சிரித்ததும் அங்கே.

என்னோடு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் சர்ச் தெரு அக்கா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் பாடுகிற அதே வாயால் மற்ற நாளெல்லாம் ஊரையே கிழித்துத் தொங்கவிடுவார். இன்னொருவர் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். நிஜமாகவே தலைவர்தான், இந்த முறை பதவி பெண்களுக்கு என்று வந்ததால் ஜெயித்தவர். எனக்கு மதினி முறை. மந்தையைக் காக்கும் அந்தக் கூட்டம் நடந்தபோது தலைவர் புங்கைமரத்தடியில் எங்களோடு இலை வெட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது அவர் வீட்டுக்காரர்.

பிரச்சினை, மந்தைக்குக் கிழக்கே ஹாலோ பிளாக் கம்பெனி வைத்திருந்த அண்ணாச்சி. நல்ல மனிதர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். சிரித்துக்கொண்டே முதலில் ஒரு மணல் குவியலை மந்தைக்குள் தள்ளினார். பிறகு ஜல்லி வந்தது. அப்புறம், மழைக்காகத்தான் என்று ஒரு தகர ஷெட். கிழக்கு ஓரத்துப் புங்கை ஒன்று காய்ந்துபோனபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது.

சர்ச் தெருவிலிருந்து வந்த ரிட்டயர்டு வாத்தியார் முதலில் பேசினார். கலெக்டருக்கு மனுக் கொடுப்போம், சர்வேயரை வரவழைத்து எல்லையை அளந்துவிடுவோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக யோசிக்கத் தொடங்கினார்கள்.

"அளக்கணும்னா முழுசாத்தான அளப்பாவ?" என்று ஒருவர் கேட்டார். அவருடைய மாட்டுத் தொழுவம் மந்தையின் தெற்கு ஓரத்தில் இருந்தது.

"அளவுச் சங்கிலி பிடிச்சா அது பாட்டுக்குப் போவும்லா வே" என்றார் இன்னொருவர். அவருடைய வைக்கோல் படப்பு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

வாத்தியாரும் சர்ச் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சர்ச்சுக்கு வருகிறவர்கள் சைக்கிள் நிறுத்த மந்தைக்குள் போட்டிருந்த கொட்டகையை நினைத்திருப்பார். சர்வேயர் வேண்டாம் என்று ஒரே குரலில் முடிவானது. எங்கள் ஊர் அவ்வளவு ஒற்றுமையாக எதையும் முடிவு செய்து நான் பார்த்ததில்லை.

முள்கம்பி வேலி போடலாமா என்று பேச்சு வந்தது. ஆடு வளர்ப்பவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போதுதான் தலைவர் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வேலியும் வேண்டாம், மனுவும் வேண்டாம். ஒரு கல்ல நட்டு மஞ்சத் துணியச் சுத்தி விடுவோம். எவனும் ஒரு அடி உள்ள வரமாட்டான்."

வாத்தியார் எழுந்துவிட்டார். "இது பொது இடம்லா. சாமி வச்சா நாங்க எப்படி வாரது?"

"சாமின்னு யாரு சொன்னா? சும்மா கல்லு. பயங்காட்டத்தான்."

சும்மா கல் என்றால் சரி என்றார் வாத்தியார். ஆனால் அந்தப் பக்கம் ஒரு கல் என்றால், இந்தப் பக்கம் எங்கள் வாலிபர் சங்கம் சார்பில் ஒரு சிமெண்ட் பெஞ்சு என்றார். அதுவும் சும்மாதான். ஒரு சும்மா கல்லுக்கு ஒரு சும்மா பெஞ்சு என்று சமரசமானது.

சர்ச் தெரு அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டார்: "அந்தக் கல்லுப் பக்கத்துல இருந்து நாங்க பீடி சுத்தலாமா?"

"சும்மா கல்லுதான தாயி. தாராளமா சுத்துங்க" என்றார் தலைவர் வீட்டுக்காரர். கூட்டம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

கல்லுக்கு எங்கேயும் அலையவில்லை. தலைவர் வீட்டுக் கொல்லையில் ஆட்டுரலின் குழவி கிடந்தது. கரண்டு கிரைண்டர் வந்த பிறகு அதன்மேல் மதினி துணி துவைத்துக்கொண்டிருந்தார். கறுகறுவென்று, வழுவழுவென்று, நட்டு வைக்க அதைவிடத் தோதான கல் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். மாமியாரோடு சண்டை போட்ட கோபத்தில் மதினி அதைப் படியில் போட்டபோது உண்டான சில்லு அது. பெரிய வேம்பின் அடியில் நட்டு, மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்தார்கள். அன்று மத்தியானம் அதன் எதிரிலேயே உட்கார்ந்து பீடி சுற்றினோம். "ஏட்டி, ஒங்க வீட்டு இட்லி இப்ப எப்படி அதிகாரமா நிக்கி பாரு" என்று அக்கா சொல்ல, மதினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கல் வேலை செய்தது. அதை நான் மறுக்கமாட்டேன். பிளாக் அண்ணாச்சியின் லாரி புளியங்குடிக்கு லோடு ஏற்றிப்போன வழியில் அச்சு முறிந்து நின்றது. அந்த லாரி மாதா மாதம் எங்கேயாவது நிற்கும். ஆனால் இந்த முறை அவர் நேராக மந்தைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு முழம் பூவைக் கல்லின்மேல் சாத்தினார். அந்த வாரமே ஒருவருடைய காணாமல் போன மாடு கிடைத்தது. கல்லின் பக்கத்தில்தான் படுத்திருந்தது. அது தினமும் படுக்கிற இடம் அதுதான் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மாட்டுக்காரர் பொங்கல் வைத்தார். பொங்கலை நானும் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

அடுத்த கட்டமாகக் கல்லுக்குக் கண் வரைந்தார்கள். மதினி போட்டு உடைத்த அந்தச் சில்லுதான் வாய். சாமி சிரிக்கிறது என்று வெளியூரிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

பிறகு ஒருநாள் தலைவர் வீட்டுக்காரர் எங்களிடம் வந்து, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்: "புகையிலைத் தூளு நெடி சாமிக்கு ஆவாதுன்னு சொல்லுதாவ. கொஞ்சம் தள்ளி இருங்க." தள்ளிப் போனோம். கொஞ்ச நாளில், மாதவிலக்கில் தூரமாக இருக்கும் பெண்கள் மந்தைக்கே வரக்கூடாது என்று ஆனது. யார் எந்த நாளில் வீட்டில் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. சர்ச் தெரு அக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். "என்னால ஒங்களுக்கு எதுக்குட்டி வம்பு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டில் தலைவர் வீட்டுக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

"அண்ணாச்சி, சும்மா கல்லுன்னுதான சொன்னிய?"

"சும்மா கல்லுதான் தாயி" என்றார், கோபமே இல்லாமல். "ஆனா நாலு பேரு கும்பிட்ட பொறவு அது எப்படி சும்மா இருக்கும்?"

மோசம் என்னவென்றால், அவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி மந்தையைத் தாண்டிப் போகும்போது என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. யாரை ஏமாற்ற அந்தக் கல்லை நட்டார்களோ அவர் பாதிதான் பயந்தார். நாங்கள் முழுசாகப் பயந்துவிட்டோம்.

மதினிக்கு வீட்டுக்குள்ளேயே அந்தச் சண்டை நடந்தது. ஒருநாள் குளித்து முழுகிவிட்டு, கல்லைத் தானே கழுவிவிடுகிறேன் என்று தண்ணீர்க் குடத்தோடு போயிருக்கிறார். பெண்கள் தொடக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். "நான் மாவாட்டுன கல்லுட்டி அது" என்று என்னிடம் வந்து சொன்னார். "கை காச்சுப்போற அளவுக்கு உருட்டிருக்கேன். நான் தொடக்கூடாதாம். வீட்டுல இவுகளக் கேட்டா மட்டும், சும்மா கல்லுதாங்காவ." தலைவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கல்லுக்கு மேலே தகரம் போட்டார்கள். பெரிய வேம்பின் கிளை தகரத்தில் உரசுகிறது என்று வெட்டினார்கள். தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள். டைல்ஸில் சருகு விழுந்து அசிங்கமாகிறது என்று இரண்டு புங்கைகள் போயின. ஆடுமாடு வந்து அசுத்தம் செய்யாமல் இருக்கச் சுற்றிலும் சுவர் கட்டத் தீர்மானித்தார்கள். வேலிக்குச் சம்மதிக்காத ஆட்டுக்காரர்கள் சுவருக்குக் கும்பிட்டுச் சம்மதித்தார்கள். சுவருக்கான கற்களையும் இரும்புக் கேட்டையும் கொடுத்தது பிளாக் அண்ணாச்சி. கேட்டில் உபயம் என்று போட்டு அவர் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாவன்று அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள்.

அவருடைய ஜல்லியும் ஷெட்டும் இருக்கிற இடத்துக்கு வரும்போது மட்டும் சுவர் கொஞ்சம் உள்ளே வளைந்து, அதை வெளியே விட்டுவிட்டுப் போகிறது. உபயம் கொடுத்த மனிதரிடம் போய் எல்லை பேசுவது மரியாதையில்லை என்று ஊர் நினைத்தது. மற்றபடி தொழுவம், படப்பு, சைக்கிள் கொட்டகை எல்லாம் அந்தந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று தலைவர் வீட்டுக்காரரிடம். இன்னொன்று, உள்ளே பெஞ்சு இருப்பதால், வாத்தியாரிடம். தலைவரிடம் சாவி கிடையாது.

மந்தை காப்பாற்றப்பட்டுவிட்டது. காலையிலும் மாலையிலும் திறந்து விளக்குப் போட்டுவிட்டுப் பூட்டிவிடுகிறார்கள். மத்தியானத்தில் உள்ளே அணில் மட்டும் ஓடுகிறது.

முதல் கோடையில் நாங்கள் மூன்று பேரும் சுவரின் வெளிப்பக்கம், ரோட்டோரமாக உட்கார்ந்து பார்த்தோம். சுவரின் நிழல் ஒரு தட்டு வைக்கத்தான் காணும். நிழல் நகர நகர நாங்களும் இடுப்பைத் தூக்கி நகர்ந்தோம். பைக்கில் போகிற ஒவ்வொருவனும் திரும்பிப் பார்த்தான். "இதுக்கு வீட்டுலயே வெந்து சாவலாம்" என்றார் அக்கா. நாளைக்கு இவர் வரமாட்டார், மறுநாள் மதினி வரமாட்டார், அப்புறம் நான் என் தகரத்துக்குக் கீழே தனியாக இலை வெட்டிக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிளாக் அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்தார். "இந்த வெயில்ல ஏன் இங்கன கெடக்கிய? ஷெட்டுக்குள்ள வாங்க. காத்து நல்லா வரும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவரை விரட்டத்தான் இவ்வளவும் நடந்தது. அக்காதான் முதலில் எழுந்தார். ஷெட்டுக்குள் மூன்று பிளாக்குகளைப் போட்டுத் துண்டால் தூசி தட்டிக் கொடுத்தார் அண்ணாச்சி. மிஞ்சியிருந்த ஒரு புங்கையின் கிளை சுவரைத் தாண்டி அந்தத் தகரத்தின்மேல் கவிந்திருந்ததால் உள்ளே குளிர்ச்சியாக இருந்தது.

மதினி உட்காரத் தயங்கினார். "தூளு நெடி வருமே அண்ணாச்சி. யாராவது எதும் சொல்லிரப் போறாவ."

"நல்லா இருங்க தாயி" என்றார் அவர். "யாரு என்ன சொல்லுவா? இது ஒங்க மந்தைதான."

மந்தையைப் பற்றி அத்தனை கூட்டம் நடந்தும், அதில் பேசிய ஒருவர்கூட எங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தலைவர் பிளாக்கின்மேல் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்ட ஆரம்பித்தார்.