தவமலர் அன்ரியின் பெயருக்கு நேரே நான் எழுதிய பொய்

தவமலர் அன்ரி காலமான செய்தி ஒரு பொய்யைச் சுமந்துகொண்டுதான் எனக்கு வந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு, கோலியர்ஸ் வுட் நிலையத்தடியில் பஸ்ஸுக்காக நின்றேன். அம்மா தன் ஊர்க் கல்லூரியின் பழைய மாணவிகள் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்ததை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார். "எமது கல்லூரியின் பெருமைமிகு புதல்வியும் லண்டன் உள்ளூராட்சி நிர்வாகத் துறையில் நீண்டகாலம் பணியாற்றியவருமான செல்வி தவமலர் அவர்கள் இன்று காலை இறைபதம் எய்தினார்." அதன் கீழே கூப்பிய கைகள், மெழுகுதிரிகள், வெள்ளைப் பூக்கள். உயிரோடு இருந்தபோது அவர் வணக்கம் சொன்னால் உடனே கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கும் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கை கூப்பியிருந்தார்கள்.

வேலைக்குப் புறப்பட்டவர் வீட்டு வாசற்படியில் சரிந்துவிட்டாராம். எனக்கு அழுகை வரவில்லை. "உள்ளூராட்சி நிர்வாகத் துறை" என்ற சொற்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்து போனது. அந்தச் சொற்களை எழுதியவள் நான்.

இந்தக் கல்வெட்டை, இறந்தவரின் நினைவாக அச்சிட்ட இந்தச் சிறு புத்தகத்தை, முப்பத்தோராம் நாள் பந்தியில் வாங்கி மடியில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்பதும் தெரியும். தவமலர் அன்ரி பார்க்கிங் வார்டன். பதினெட்டு வருடங்கள் டூட்டிங் பக்கத்துத் தெருக்களில் மழையிலும் குளிரிலும் நடந்து, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய கார்களுக்கு அபராத ரிக்கற் எழுதினார். இந்த ஒரு வரியை அச்சில் கொண்டுவர எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான் அவருக்கு உறவில்லை. எனக்குப் பதினாறு வயது, லண்டனில் பிறந்தவள். தமிழ்ப் புத்தகம் வாசிக்கிற பிள்ளை என்று பெயரெடுத்ததால், சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பிழை திருத்தவும் தட்டச்சு செய்யவும் அழைத்தார்கள். நான் துள்ளிக்கொண்டு போனேன். அந்த மலரில் "எம் கல்லூரி ஈன்ற மாணிக்கங்கள்" என்று ஒரு பகுதி உண்டு. மருத்துவம், சட்டம், கணக்கியல், கலை என்று துறைவாரியாகப் பழைய மாணவிகளின் பெயர்கள் வரும். மருத்துவத்தின் கீழே பதினொரு பேர் இருந்தார்கள். எதையும் சரிபார்க்காமல் விடுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொருவராக விசாரித்தேன். நான்கு பேர் டொக்டர்கள். மற்ற ஏழு பேரும் டொக்டர்மாரைக் கல்யாணம் செய்தவர்கள்.

ஸ்ட்ரெதமில் தேவாலய மண்டபமொன்றில் கூட்டம் நடந்தபோது நான் சங்கத் தலைவியிடம் கேட்டேன். அவருடைய பெயரை எழுதத் தேவையில்லை, முன்வரிசையில் இருப்பார்.

"அன்ரி, இவ டொக்டர் இல்லைத்தானே?"

"அவ டொக்டர் குடும்பம், பிள்ளை."

"அப்ப சட்டத்திலை இருக்கிற இவ?"

"மகள் சொலிசிற்றர்."

"கலையிலை இருக்கிற அன்ரி?"

"அவவின்ரை மகளின்ரை அரங்கேற்றத்துக்கு நீயும் வந்தனிதானே? எவ்வளவு சனம்!"

மண்டபத்தின் பின்பக்கம், தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, என்ரை பக்கத்து வீட்டிலை ஒரு டென்ரிஸ்ற் இருக்கிறார். நானும் மருத்துவத்துக்குள்ளை வருவனோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், அம்மா தொடையில் கிள்ளினார். கேட்டவர் தவமலர் அன்ரி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருவார். ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீர் ஊற்றும் வேலையை அவருக்குத்தான் கொடுப்பார்கள். அந்த ஏழு பேரையும் பற்றி நான் இளக்காரமாக நினைக்கக் கூடாது என்று அம்மா பிறகு சொன்னார். அவர்கள் பிள்ளை வளர்த்தார்கள், வீட்டைத் தாங்கினார்கள், அகதியாக வந்து இறங்கிய உறவுகளைக் கூடத்தில் படுக்கவைத்துச் சோறு போட்டார்கள். அப்படியே எழுதியிருந்தால் நான் ஒவ்வொரு பெயரையும் எழுந்து நின்று தட்டச்சு செய்திருப்பேன். அவர்களோ தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வெட்கப்பட்டு ஒளித்துவிட்டு, கணவரின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார்கள்.

தலைவிக்குத் தவமலர் அன்ரியைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நானும் நின்றேன். டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடைக்கு முன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. தலைவி தன் காரை அதில் விட்டுவிட்டுச் சேலைக் கடைக்குள் இருந்தார். நானும் அம்மாவும் அதே கடையில். யாரோ வந்து சொல்ல, அவர் விலை பார்த்துக்கொண்டிருந்த சேலையைத் தோளில் போட்டபடியே வெளியே ஓடினார். கடைக்காரர் சேலையின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"தவம், நான்தானே! ரெண்டு நிமிசம்!"

"பதினேழு நிமிசம், அக்கா. படம் எடுத்திருக்கு."

"எங்கட ஆக்கள் எண்டு ஒரு இரக்கம் இல்லையோ உனக்கு?"

"காருக்கு ஊர் இல்லை. அந்த வான் வண்டியைப் பாருங்கோ. சக்கர நாற்காலியோட ஒரு மனுசன் மூண்டாந்தரம் சுத்தி வாறார். அவரும் எங்கட ஆள்தான்."

வானுக்குள் இருந்தவர் சிவந்த மூக்கோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர்.

"ஒரே பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள், தவம்."

"ஓம் அக்கா. அங்கையும் நீங்கள் வரிசையிலை நிக்கிறேல்லை."

ரிக்கற்றைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் மாணிக்கங்களின் பட்டியலுக்காக எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். தவமலர் அன்ரி தன் படிவத்தில் "தொழில்" என்ற இடத்தில் "பார்க்கிங் வார்டன்" என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினார். அது ஒரு நெருக்கடியாகிவிட்டது. ஊரில் அவர் கணிதத்தில் முதல் வகுப்புப் பட்டம் பெற்றவர், சங்கத்தில் அப்படி வேறு ஒருவரும் இல்லை. எங்களோடு போட்டி போடும் இன்னொரு கல்லூரியின் மலரிலோ கணிதப் பட்டதாரிகள் மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே அவரைப் பட்டியலிலிருந்து விட்டுவிடவும் முடியாது, அவருடைய வேலையைப் போடவும் முடியாது. தலைவி எனக்கு முன்னால் வைத்தே அவருக்குப் போன் எடுத்தார், ஸ்பீக்கரில்.

"தவம், பட்டத்தை மட்டும் போடுவமே?"

"அது நான் படிச்சது, அக்கா. இது நான் செய்யிறது. படிவத்திலை எதைக் கேட்டிருக்கிறியள்?"

"உனக்காகத்தான் சொல்லுறன்."

"எனக்காக எண்டால் போனை வையுங்கோ. மழை வருது, இன்னும் ரெண்டு தெரு இருக்கு."

தலைவி என்னைப் பார்த்தார். "இதுக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் இல்லையோ, பிள்ளை?"

நான் மௌனமாக இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது என்னிடம் ஒரு சொல் கேட்டால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. வார்டன்கள் கவுன்சிலுக்காக வேலை செய்கிறார்கள், கவுன்சில் என்றால் உள்ளூராட்சி. ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். "உள்ளூராட்சி நிர்வாகத் துறை எண்டு போடலாம், அன்ரி." தலைவி கைதட்டினார். "கெட்டிக்காரி! பாத்தியளே, பொய்யும் இல்லை!" எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டித் தந்தார்கள். நான் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மலர் வெளியீட்டன்று தவமலர் அன்ரி கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு பிரதியை எடுத்து வாசித்தார். பிறகு மேலங்கிகள் தொங்கும் நடைவழிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இது ஆர் எழுதினது?"

"நான், அன்ரி."

"உள்ளூராட்சி நிர்வாகம். நல்லாத்தான் இருக்கு. இவ ஆர்? எனக்கு இவவைத் தெரியாது."

"மரியாதையா இருக்கட்டும் எண்டு..."

"ஆருக்கு மரியாதை? எனக்கு இருக்கிறது எனக்குக் காணும், போதும். உங்களுக்குக் காணாட்டி அதுக்கு என்ரை பேரை எடுக்காதேங்கோ." கைப்பையைத் திறந்து ஒரு பேனையை நீட்டினார். "மேசையிலை புத்தகம் அடுக்கிக் கிடக்கு. இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்லை. இருந்து திருத்து."

கதவு வழியாக உள்ளே பார்த்தேன். தலைவி ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அம்மா எனக்காக முன்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். மேடையில் என் பெயரைச் சொல்லி நன்றி கூறப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"ஏலாது, அன்ரி."

அவர் திட்டவில்லை. பேனையை மூடிப் பைக்குள் வைத்தார். சற்று நேரத்தில் என் பெயரைச் சொன்னார்கள். நான் மேடையில் ஏறிக் கும்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து மன்னிப்புக் கேட்கத் துணிவு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவரைக் கண்டேன். யூனிபோர்மில், கையில் சிறு இயந்திரத்தோடு நின்றார். எங்கள் ஆட்களில் ஒரு கடைக்காரர் அவரைத் தமிழில் ஏசிக்கொண்டிருந்தார்.

"உந்த வேலைக்கு ரோட்டைக் கூட்டலாம்!"

"கூட்டலாம் தம்பி. ஆனா கூட்டுறவனும் உங்கட காரைச் சுத்தித்தான் கூட்டவேணும். அவனுக்காகவும் எழுதுறன்."

அந்த மனிதர் போன பிறகு நான் கிட்டப் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்களைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"மன்னிச்சிட்டன் எண்டு நான் சொன்னா, நீ நிம்மதியாப் படுப்பாய். புத்தகத்திலை அது அப்பிடியே கிடக்கும். அடுத்த மலரிலை திருத்திப் போடு. பிறகு வா."

ஓம் என்றேன். தலைவியிடம் ஒரு தடவை சொன்னேன். "பாப்பம்" என்றார். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மலரும் அதே வரியோடு வந்தது. பட்டியலில் ஏழு பேர் இரவல் பட்டத்தோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தவள், ஒரே ஒருத்தியின் உண்மையான வேலையைத் திருப்பிக் கொடுக்க நேரமில்லை என்று இருந்துவிட்டேன். அந்த ஏழு பேரையும்விட நான் கேவலம். அவர்கள் பொய்யைச் சேலையாக வாங்கி உடுத்தியவர்கள், நான் அதை நெய்தவள்.

பிறகு அந்த வட்ஸ்அப் செய்தி வந்தது.

தவமலர் அன்ரியின் தம்பி தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். இந்தக் கல்வெட்டைத் தட்டச்சு செய்து தரவும் ஒரு பக்கம் எழுதவும் என்னைக் கேட்டவர் அவர்தான். அது தெரிந்ததும் தலைவி போன் எடுத்தார்.

"பிள்ளை, கௌரவமா எழுது. என்ரை செய்தியும் அனுப்பியிருக்கிறன், அதையே பாத்து எழுதலாம். செத்த மனுசியை ஏன் திரும்ப றோட்டிலை நிப்பாட்டுவான்?"

"அவ நிண்ட இடம் அதுதானே, அன்ரி."

"கொம்மாட்டைக் குடு போனை."

அம்மா போனை வாங்கினார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பிள்ளை எழுதினதை நான் வாசிச்சனான், அக்கா. எனக்குச் சரியாத்தான் படுது" என்றார். அம்மாவும் அதே கல்லூரிதான். சூப்பர்மார்க்கெற்றில் காசாளராக இருக்கிறார். எந்த வருடத்துப் படிவத்தையும் அவர் நிரப்பிக் கொடுத்ததில்லை. ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தலைவியின் செய்தியையும் என் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். எதைப் போடுவது என்று முடிவெடுக்க வேண்டியவர் தவமலர் அன்ரியின் தம்பி. முருங்கைக்காய்ப் பெட்டியில் சாய்ந்துகொண்டு இரண்டையும் வாசித்தார். என்னுடையதை இரண்டு தடவை வாசித்தார்.

"அக்கா என்ரை கடை வானுக்கே ரிக்கற் எழுதினவ. ரெண்டு தரம். ஆறு மாசம் நான் அவவோட கதைக்கேல்லை." கண்ணைத் துடைத்தார். "ரெண்டையும் போடு பிள்ளை. பக்கத்துக்குப் பக்கம் போடு. சனம் வாசிக்கட்டும்."

ஆகவே இடப்பக்கத்தில் இருப்பது தலைவியின் அனுதாபச் செய்தி. அதில் வரும் நிர்வாக அதிகாரி எந்த நாளிலும் இருந்ததில்லை. அவவுக்காக அழ விரும்புகிறவர்கள் தாராளமாக அழலாம். வலப்பக்கத்தில் இருக்கிறவர் தவமலர். கணிதப் பட்டதாரி, பார்க்கிங் வார்டன், எங்கள் கல்லூரியின் பழைய மாணவி.

இப்படிப்பட்ட பக்கங்களின் கடைசியில் அவருடைய அன்பும் சிரிப்பும் எம்மோடு வாழும் என்று எழுதுவார்கள். தவமலர் அன்ரி என்னிடம் அன்பாக இருந்ததில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததாகவும் நினைவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, அவர் தராமல் போன மன்னிப்பு ஒன்றுதான். திருத்திவிட்டு வா என்றார். திருத்திவிட்டேன், போக இடமில்லை. மன்னிக்கப்படாதவள் என்பதை நான் வைத்துக்கொள்கிறேன். என்மேல் இரக்கப்பட்டு யாரும் அதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் தேட வேண்டாம்.